கேலரி மென்டர்ஷிப்புக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி: போர்ட்ஃபோலியோ, ஸ்டேட்மென்ட், அப்புறம் அப்பா

கேள்விய முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன். செங்கல்பட்டு பக்கத்துல இருந்து 17 வயசுப் பொண்ணு, ப்ளஸ் டூ முடிச்சாச்சு. ஈ.சி.ஆர்.ல ஒரு சின்ன கேலரி 16ல இருந்து 21 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு ஆறு மாச ஆர்ட் மென்டர்ஷிப் (அனுபவம் உள்ள ஆர்ட்டிஸ்ட் கூட இருந்து வழி காட்டறது) நடத்துது, சனிக்கிழமை சனிக்கிழமை போகணும். பத்து படம் பி.டி.எஃப்.ஆ அனுப்பணும், 300 வார்த்தைக்குள்ள ஒரு ஸ்டேட்மென்ட் (தன்னைப் பத்தி, எதுக்குச் சேரணும்னு எழுதற குறிப்பு), அப்புறம் இன்டர்வியூ. இந்தப் பொண்ணு யார்கிட்டயும் முறையா கத்துக்கல, போன்ல போட்டோ பாத்து நடிகர் நடிகை முகமா வரையறது, இன்ஸ்டால ரெண்டாயிரம் ஃபாலோயர் இருக்காங்க. இன்னும் மூணு வாரம் டைம். என்னை எடுப்பாங்களா, எதை அனுப்பறது, அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டிருக்கு.

நான் இருபது வருஷத்துக்கு மேல பிள்ளைங்களுக்கு டிராயிங் சொல்லிக் குடுக்கறேன், இதே மாதிரி ஒரு புரோகிராம்ல நாலு வருஷம் செலக்‌ஷன் டேபிள்ல உக்காந்தும் இருக்கேன், அந்த தைரியத்துல எழுதறேன். என் பொண்ணு வயசுங்கறதால நீ, வா, போன்னே பேசறேன் மா, தப்பா எடுத்துக்காத.

அப்ளை பண்ணு. ஆனா அனுப்பலாம்னு எடுத்து வெச்சிருக்கற பத்துல எட்டைத் தூக்கி ஓரமா வை.

கோவம் வரும், தெரியும். ஒவ்வொண்ணுக்கும் பதினஞ்சு மணி நேரம் உக்காந்து முடி முடியா ஷேட் பண்ணியிருப்ப. ஆனா அந்த டேபிள்ல என்ன நடக்குதுன்னு கேளு. எங்களுக்கு எட்டு சீட்டுக்கு எழுபது எண்பது ஃபைல் வரும், முதல் ரவுண்டுல ஒரு ஃபைலுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெருசு, லேப்டாப்பை நடுவுல வெச்சு மூணு பேரு சுத்தி உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே ஸ்க்ரோல் பண்ணுவோம். அதுல பாதி ஃபைல் ஒரே மாதிரி இருக்கும், அதே நடிகர், அதே தாடி, அதே கண்ணுல ஒரு வெள்ளைப் புள்ளி. பெயரை மறைச்சிட்டா யார் வரைஞ்சதுன்னு வரைஞ்சவங்களுக்கே தெரியாது. கிரிட் போட்டு, அதாவது கட்டம் கட்டமா பிரிச்சு, போட்டோவைப் பாத்து வரையறப்ப முக்கால்வாசி வேலைய கேமரா முடிச்சிடுது மா. எந்தப் பக்கம் வெளிச்சம், எதை ஃப்ரேமுக்குள்ள விடறது, மூக்கு முன்னாடி காது பின்னாடிங்கற ஆழத்தை எப்படித் தட்டையாக்கறது, எல்லாத்தையும் லென்ஸ் தீர்மானிச்சு வெச்சிருக்கு. உன் கைக்குப் பொறுமை இருக்குன்னு தெரியும், உன் கண்ணு என்ன பண்ணுதுன்னு எங்களுக்குத் தெரியாது. மென்டரா வரப் போற ஆளு தேடறது அந்தக் கண்ணைத்தான், ஏன்னா கையை ஆறு மாசத்துல பழக்கிடலாம்.

ஒரு வருஷம் ஒரு பொண்ணு தப்பித் தவறி தன்னோட ரஃப் நோட்டை அனுப்பிடுச்சு. நல்ல படம்னு அது நினைச்சது ஆறு, மீதி நாலுக்கு இடம் காலியா இருக்கேன்னு நோட்டுப் பக்கங்களை போட்டோ எடுத்து சொருகியிருந்துச்சு. கோடு போட்ட ரூல்டு நோட்டு, பால்பாயின்ட் பேனா, எல்லாப் பக்கத்துலயும் வீட்டு ஆடு. முதல் பக்கத்துல ஆடு டேபிள் மாதிரி நிக்குது, நாலு காலும் நாலு குச்சி. அடுத்த பக்கத்துல பின்னங்கால் மனுஷன் கால் மாதிரி முன்பக்கம் மடங்குது, அதை அடிச்சிட்டு பக்கத்துலயே திரும்ப வரைஞ்சிருக்கு. ஆட்டுக்குப் பின்னங்கால்ல முட்டி பின்னாடி மடங்கற மாதிரி தெரியும்ல, அது முட்டியே கிடையாது, குதிகால், நிஜ முட்டி மேல வயித்தை ஒட்டி இருக்கு. இந்தப் பொண்ணுக்கு அனாடமி யாரும் சொல்லித் தரல, பாத்துப் பாத்து அதுவாவே கண்டுபிடிச்சிருக்கு. கடைசிப் பக்கத்து ஆடு ஒரு பக்கமா சாஞ்சு ஒரு கால்ல வெயிட்டைப் போட்டுட்டு இலை மெல்லுது. ஆறு முடிஞ்ச படத்தையும் யாரும் ரெண்டாவது தடவை பாக்கல. அந்த ஆட்டைத்தான் மூணு பேரும் மாத்தி மாத்திப் பாத்தோம், சீட்டு குடுத்தாச்சு.

அதனால உன்னோட மூணு வாரக் கணக்கு இது. இருக்கற போர்ட்ரெய்ட்ல உனக்கே பிடிச்சது ரெண்டே ரெண்டு வெச்சுக்கோ, கை சுத்தம் தெரியட்டும். மீதி எட்டும் நேர்ல பாத்து வரைஞ்சதா இருக்கணும். பெருசா எங்கயும் தேட வேண்டாம். மத்தியானம் படுத்துத் தூங்கற அம்மா, பாதம் நம்ம பக்கம் இருக்கற மாதிரி உக்காந்து வரை, முகம் சின்னதாவும் பாதம் பெருசாவும் தெரியறதை நம்பவே மனசு வராது, மூளை "கால் நீளம்"னு அடம் பிடிக்கும், கண்ணு சொல்றதைப் போடு. சமையக்கட்டுல குக்கர், குக்கர்ல ஜன்னல் வளைஞ்சு தெரியுதுல்ல, அதை. வாசல்ல கழட்டிப் போட்ட செருப்பு. ஒரே பொருளை அஞ்சு தடவை வரைஞ்சு அஞ்சையும் ஒரே பக்கமா அனுப்பினாலும் தப்பில்ல. செங்கல்பட்டுல இருந்து எழும்பூருக்கு நேரா லோக்கல் ட்ரெயின் இருக்கு, ஒண்ணரை மணி நேரம் கிட்ட ஆகும், எதிர் சீட்டுல தூங்கறவங்களை விட நல்ல மாடல் உலகத்துல கிடையாது, ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சுக்கோ, தாம்பரத்துல எழுந்து இறங்கிப் போயிட்டா அந்தப் படம் பாதியோட நிக்கட்டும், அழிக்காத. ரப்பரை வீட்டுல வெச்சிட்டுப் போ.

எழும்பூர்ல இறங்கினா பாந்தியன் ரோடு மியூசியம் பக்கம்தான் (வெள்ளிக்கிழமை லீவு, பாத்துப் போ). வெண்கலச் சிலை கேலரில திருவாலங்காடு நடராஜர் இருக்கு, அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள் தனியா இருக்கு. நடராஜரை முழுசா வரைய வேண்டாம், தூக்கின காலும் ஊன்றின காலும் இடுப்புல சேர்ற இடத்தை மட்டும் வரைஞ்சு பாரு. அந்த உடம்பு ஏன் விழாம நிக்குதுன்னு பென்சில் வழியா புரியும். அப்புறம் மெரினா உழைப்பாளர் சிலை. அதைத் தாண்டி ஆயிரம் தடவை பஸ்ல போயிருப்ப, இறங்கி சுத்தி வந்து பாத்திருக்கியா? நாலு பேரு பாறையைத் தள்றாங்க, ஒவ்வொரு முதுகும் ஒவ்வொரு மாதிரி வளையுது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி பண்ணது, 1959ல வெச்சது. அவர்தான் எழும்பூர் ஓவியப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வர். அந்தப் பள்ளியோ 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்ங்கற டாக்டர் ஆரம்பிச்சது. இன்னைக்கு அரசு கவின் கலைக் கல்லூரின்னு பெயர்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, இன்டர்வியூல "யார் ஓவியம் பிடிக்கும்"னு கண்டிப்பா கேப்பாங்க, பத்துல ஒன்பது பேரு பிக்காசோ, வான்கோ, ரவி வர்மான்னு சொல்லுவாங்க. தப்பில்ல. "எங்க பாத்தீங்க"ன்னு அடுத்த கேள்வி வரும், அங்க போன் ஸ்க்ரீன்தான் பதில். நீ நேர்ல பாத்த ஒரே ஒரு வேலையைப் பத்திப் பேசு. கேலரி ஈ.சி.ஆர்.லதான் இருக்குங்கறதால ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கு ஒரு நாள் போயிட்டு வந்துரு. கே.சி.எஸ். பணிக்கர், ஓவியப் பள்ளில முதல்வரா இருந்தப்பவே, 1966ல தன்னோட ஸ்டூடன்ட்ஸையும் கூட இருந்த ஆர்ட்டிஸ்டுகளையும் சேர்த்துக்கிட்டு ஆரம்பிச்ச கிராமம். நிலம் வாங்கக் காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா உங்க அப்பாவுக்கே ஆச்சரியமா இருக்கும், படம் வித்து இல்ல, பாத்திக் துணி (மெழுகு தடவி சாயம் ஏத்தறது) மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசைச் சேர்த்து வாங்கினாங்க. காலைல பாத்திக், மீதி நேரம் சொந்த ஓவியம்னு ஓட்டினவங்க. அங்க மெட்ராஸ் இயக்கத்துக்குன்னே, அதாவது இவங்களை மாதிரி மெட்ராஸ் ஓவியர்கள் சிற்பிகளோட வேலைக்குன்னே, ஒரு மியூசியம் இருக்கு, பாதி நாளுக்குத் தாங்கும்.

மென்டர்ங்கற வார்த்தைதான் புதுசு, விஷயம் நம்ம ஊர்ல பழசு. பணிக்கரே ராய் சௌத்ரிகிட்ட படிச்சவர். துறையூர் பக்கம் கீரம்பூர்ல இருந்து மெட்ராஸ் வந்த ஓவியர் ஆதிமூலத்துக்கு சிற்பி தனபால்தான் வழி காட்டினார், அப்புறம்தான் ஓவியக் கல்லூரி. அந்த ஆதிமூலம் பின்னாடி பேனா மையில போட்ட காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாரு, போட்டோ மாதிரி ஒண்ணும் இருக்காது, ஆனா ஆள் யாருன்னு ரோட்டுல போற யாருக்கும் தெரியும்.

சரி, போட்டோ எடுக்கறது. இங்கதான் நல்ல பிள்ளைங்க பாதி விழறாங்க, அதனால பொறுமையா படி. முதல் தப்பு, டாக்குமென்ட் ஸ்கேன் பண்ற ஆப். அது ஜெராக்ஸ் மாதிரி எழுத்தைக் கருப்பாவும் பேப்பரை வெள்ளையாவும் ஆக்கறதுக்குன்னு செஞ்சது, நீ 2எச் மாதிரி வெளிர் பென்சில்ல மெதுவா போட்ட கன்னத்து ஷேடை அழுக்குன்னு நினைச்சு துடைச்சிடும். ரெண்டாவது, ராத்திரி டியூப்லைட்ல எடுக்கறது, பேப்பர் பச்சையா மஞ்சளா ஏதோ ஒரு நிறத்துல இருக்கும், உன் தலை நிழல் வேற குறுக்க விழும். காலைல எட்டு, எட்டரைக்கு மொட்டை மாடிக்குப் போ, நேர் வெயில் படாத நிழல் சுவத்துல படத்தை ஒட்டு, போனை படத்தோட நடு உயரத்துக்குப் பிடி, மேல இருந்து சாய்ச்சு எடுத்தா சதுரம் கோணலாயிடும். கொஞ்சம் தள்ளி நின்னு ரெண்டு மடங்கு ஜூம்ல எடுத்தா ஓரம் வளையாது. இப்ப ஒரு விசேஷம் கவனி, ஃப்ரேம் முழுக்க வெள்ளை பேப்பர்னா போன் "அடடா ரொம்ப வெளிச்சம்"னு நினைச்சு குறைச்சிடும், பேப்பர் சாம்பல் கலர்ல வரும். ஸ்க்ரீனைத் தொட்டா ஒரு சூரியன் சின்னம் வரும்ல, அதை லேசா மேல தள்ளு, பேப்பர் பேப்பர் மாதிரி ஆகற வரைக்கும். 6பி, 8பி மாதிரி கருப்பான பென்சில்ல அழுத்திப் போட்ட இடம் பளபளன்னு மின்னும், கிராஃபைட்டுக்கு அந்தக் குணம் உண்டு, மின்னாத கோணம் கிடைக்கற வரைக்கும் படத்தைத் திருப்பு. ஃபில்டர் கூடவே கூடாது. இன்டர்வியூக்கு ஒரிஜினல் கொண்டு வரச் சொல்லுவாங்க, அப்ப ரெண்டும் ஒத்துப் போகலன்னா சங்கடம்.

பி.டி.எஃப்.ல பக்கத்துக்கு ஒரு படம். கீழ தலைப்பு, எதுல வரைஞ்சது, அளவு, வருஷம். அளவு சென்டிமீட்டர்ல, உயரம் முதல்ல, அகலம் அடுத்து. போட்டோ பாத்து வரைஞ்சதுன்னா அப்படியே எழுதிடு, யார் எடுத்த போட்டோன்னு தெரிஞ்சா அதையும் எழுது. பெயருக்குப் பதிலா "ஃபைனல் ஃபைனல் 3"னு ஃபைல் அனுப்பாத, போன வருஷம் அப்படி ஒண்ணு வந்து யாரோடதுன்னு தேடவே அரை நாள் போச்சு. முதல் பக்கத்துல உன்னோட பலமான படம், கடைசிப் பக்கத்துல ரெண்டாவது பலம், ஏன்னா நடுவுல இருக்கறது டீ வர்ற நேரத்துல ஓடிடும், உண்மையைச் சொல்றேன்.

ஸ்டேட்மென்ட். "சிறு வயது முதலே எனக்குக் கலையின் மீது தீராத ஆர்வம்" இந்த வரி எழுபது ஃபைல்ல அறுபதுல இருக்கும். இப்பல்லாம் ஏ.ஐ.கிட்ட எழுதி வாங்கி அனுப்பறாங்க, இங்கிலீஷ் பிரமாதமா இருக்கும், அதுல ஆளே இருக்க மாட்டாங்க, இன்டர்வியூல அதுல இருக்கற ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா முழிப்பாங்க, பாவமா இருக்கும். தமிழ்ல எழுதலாமான்னு கேலரிக்கு ஒரு மெயில் போட்டுக் கேளு, பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. எங்களுக்கு வந்ததுல எனக்கு இன்னும் மறக்காதது ஒரு பையன் எழுதினது. அவங்க அப்பா டயர் ரீட்ரெடிங் கடைல வேலை. "அப்பா வீட்டுக்கு வந்து கை கழுவினா தண்ணி மூணு தடவை கருப்பா போகும், மூணும் வேற வேற கருப்பு, அதை வரையத் தெரியல, அதனால அப்ளை பண்றேன்." அவ்வளவுதான், 300 வார்த்தை கூட இல்ல. கூட அவன் அனுப்பின சார்கோல் படங்கள் சுமார்தான். ஆனா அவனுக்கு என்ன கத்துக் குடுக்கணும்னு டேபிள்ல இருந்த எல்லாருக்கும் உடனே தெரிஞ்சு போச்சு. நீயும் உனக்கு எது வரலையோ அதை எழுது. கை வரைய வரலையா, கலர் தொட பயமா, போட்டோ இல்லாம வரைஞ்சா முகம் கோணுதா, அதை எழுது. ஸ்கூல்ல அரசுத் தொழில்நுட்பத் தேர்வு டிராயிங் லோயர், ஹையர் எழுதியிருந்தா ஒரு வரில சொல்லு, இல்லன்னா அதுக்காக வருத்தப்படாத.

இனி நீ கேக்காத ஒரு விஷயம். எனக்கு 19 வயசுல ஒரு இடத்துல குரூப் ஷோன்னு சொல்லி ஏழு படம் வாங்கினாங்க. ரசீது கேக்கணும்னு எனக்குத் தோணல, பெரியவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு கூச்சம். ஷோ முடிஞ்சு நாலு மாசம் கழிச்சுப் போனேன், மூணுதான் இருந்துச்சு, மீதி வித்துச்சா தொலைஞ்சுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்த இடம் எதுன்னு சொல்லப் போறதில்ல. ஆனா அதுல இருந்து எந்தப் படத்தைக் குடுத்தாலும் பெயர், அளவு, விலை, திருப்பித் தர்ற தேதி எழுதி ரெண்டு காப்பி கையெழுத்து வாங்கிட்டுதான் குடுப்பேன்.

நீயும் ஃபார்ம்ல கண்ணை மூடிட்டு டிக் போடாத. ஃபீஸ் உண்டா, மெட்டீரியல் செலவு யாருது, மென்டர் யாரு, அவரே வருவாரா இல்ல அவர் பெயரைப் போட்டுட்டு அசிஸ்டென்ட் வருவாரா, கடைசில ஷோ வெச்சு வித்தா யாருக்கு எவ்வளவு. கேலரிங்க விக்கற விலையில 30ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் எடுக்கறது சகஜம், அது அநியாயம் இல்ல, முன்னாடியே எழுத்துல இருக்கணும், அவ்வளவுதான். அப்புறம் காப்பிரைட். 1957 சட்டப்படி நீ உனக்காக வரைஞ்ச படத்தோட காப்பிரைட் உன்னோடது, படத்தை யாரோ காசு குடுத்து வாங்கிட்டுப் போனாலும் உன்கிட்டயே இருக்கும், எழுத்துல மாத்திக் குடுத்தாதான் போகும். ஒரு விதிவிலக்கு இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கோ: யாராவது காசு குடுத்து "என் போர்ட்ரெய்ட் வரைஞ்சு தா"ன்னு ஆர்டர் குடுத்தா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அந்தக் காப்பிரைட் அவங்களுக்குப் போகுது. இன்ஸ்டால ஆர்டர் எடுக்கறேன்னு சொல்லியிருக்க, அந்தப் படங்களை அனுப்பறதா இருந்தா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. ஃபார்ம்ல "எல்லா உரிமையும் கேலரிக்கு"ன்னு ஒரு வரி இருந்தா, புரோகிராம் விளம்பரத்துக்கு மட்டும்னு மாத்தித் தர முடியுமான்னு கேளு. உனக்கு 18 ஆகல, உன் கையெழுத்து செல்லாது, அப்பாவோ அம்மாவோதான் போடணும்.

அதுனால அப்பா விஷயத்துக்கு எப்படியும் வந்துதான் ஆகணும். "கலைதான் என் வாழ்க்கை"ன்னு வீட்டுல டயலாக் பேசாத, எந்த அப்பாவும் அதுக்கு இறங்கினதா நான் பாக்கல. சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வீட்டுல இருப்ப, டிக்கெட்டுக்கு எவ்வளவு, ஆறு மாசத்துல காலேஜ் அட்மிஷன் என்ன ஆகும், இதுக்குப் பதில் ஒரு பேப்பர்ல எழுதிட்டு உக்காரு. இது டிகிரி கிடையாது, சர்டிஃபிகேட்டுக்குப் பெரிய மதிப்பும் கிடையாது, அதை நீயே முதல்ல சொல்லிடு. பி.எஃப்.ஏ. (ஓவியம், சிற்பத்துக்கான டிகிரி) படிக்கணும்னு ஆசை இருந்தா எழும்பூர்ல ஒரு அரசுக் கல்லூரி, கும்பகோணத்துல ஒண்ணு, புதுச்சேரில பாரதியார் பல்கலைக்கூடம், நாலு வருஷப் படிப்பு. எழும்பூர்ல என்ட்ரன்ஸ்லயே உக்காந்து வரைஞ்சு காட்டணும், போட்டோ பாத்து மட்டும் பழகின கை அங்க தடுமாறும், இந்த ஆறு மாசம் அதுக்கு நேரடியா உதவும். அப்பாவுக்குப் புரியற வாதம் இதுதான். மத்திய கலாச்சார அமைச்சகம் 18ல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ள இளம் கலைஞர்களுக்கு மாசம் 5000 ரூபாய் ரெண்டு வருஷம் தர்ற ஸ்காலர்ஷிப் ஒண்ணு இருக்கு, ஆனா குருகிட்டயோ நிறுவனத்துலயோ 5 வருஷம் கத்துக்கிட்டிருக்கணும்னு நிபந்தனை, அதனால இப்போதைக்கு உனக்கு ஆகாது, எண்ணிக்கையை இன்னைக்கு ஆரம்பிச்சா 22, 23 வயசுல ஆகும்.

இன்னொண்ணு, அப்பாவை கேலரிக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போ. கிளாஸ் எங்க நடக்கும், கேலரியிலயா இல்ல மென்டரோட வீட்டு ஸ்டூடியோவுலயா, தனியா இருப்பியா குரூப்பாவா, பாத்ரூம் எங்க இருக்கு, இதெல்லாம் அவர் கேக்கட்டும். கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு நீ நெளியாத. கேட்டதுக்கு முகம் சுளிக்கற இடத்துல உனக்கு வேலை இல்ல.

இன்டர்வியூ அன்னிக்கு ஒரிஜினலை சுருட்டி எடுத்துட்டுப் போகாத, பிரிச்சு டேபிள்ல வெச்சா திரும்பத் திரும்ப சுருண்டுக்கும், அதைப் பிடிக்கவே ரெண்டு கை போயிடும், பேச வராது. ரெண்டு அட்டைக்கு நடுவுல தட்டையா வெச்சு ரிப்பன் கட்டு. சார்கோல், சாஃப்ட் பென்சில்னா மேல பட்டர் பேப்பர். ரஃப் நோட்டைக் கண்டிப்பா எடுத்துட்டுப் போ, கேக்கலன்னாலும் நீயே நீட்டு. தெரியாததுக்கு "தெரியாது சார்", "தெரியாது மேடம்"னு சொன்னா ஒரு மார்க்கும் குறையாது.

ஒரு வருஷம் எடுக்காத பிள்ளைங்கள்ல ரெண்டு பேரை அடுத்த வருஷம் எடுத்திருக்கோம், ஃபைல் ஞாபகம் இருக்கும் எங்களுக்கு. அதனால இல்லன்னு மெயில் வந்தா, எதைச் சரி பண்ணணும்னு மரியாதையா ஒரு வரி எழுதிக் கேளு, நாலு பேர்ல ஒருத்தராவது பதில் போடுவாங்க.

கடைசியா, இன்ஸ்டா லிங்க் குடுக்கலாமான்னு கேட்டிருந்த, விட்டுட்டேன். குடு. ஆனா அதுக்கு முன்னாடி ட்ரெயின்ல வரைஞ்ச பாதிப் படம் ரெண்டை மேல பின் பண்ணி வை. லைக் கம்மியாதான் வரும், பரவாயில்ல.